அறைக்குள் காற்றை வரவிட்ட நீலாவதி சிஸ்டருக்கு

பனி படரும் மலைமுகட்டில், பச்சைத் தேயிலை பரந்து கிடக்கும் கேமரன் மலையில், ரிங்லெட் சாரல் அறநிலைய மருத்துவமனையில் முப்பத்து நான்கு ஆண்டுகள் பணியாற்றி, கத்தரிக்கோல் முதல் சுவாசக் குழாய் வரை கைபட்ட கருவியெல்லாம் கிருமியற்றதாக்கி, கண்ணியமும் கண்டிப்பும் கலந்த நெஞ்சினராய் இன்று ஓய்வு பெறும் கிருமிநீக்கப் பிரிவு மேற்பார்வையாளர் திருமதி நீலாவதி காளிமுத்து அவர்களுக்கு, அவருடைய அதட்டலிலேயே வளர்ந்து ஆளான பிரிவினர் அன்பொழுக அளிக்கும் மடல் இது!

முறைப்படி ‘தாங்கள்’ என்று விளித்துத்தான் எழுதத் தொடங்கினோம். ஒத்திகையாகப் படித்தபோது முதல் பத்தி காதில் விழுந்ததுமே சிஸ்டர் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார். “மூஞ்சிக்கு நேரா இப்படிப் படிச்சீங்கன்னா நான் பஸ் ஏறி கம்போங் ராஜா வீட்டுக்குப் போயிருவேன்லா,” என்றார். சொன்னால் செய்கிறவர். ஆகவே அவரைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டே வேறு யாரையோ பற்றிப் பேசுவதுபோல் பேசப் போகிறோம். அவரும் வேறு யாரையோ பற்றிக் கேட்பதுபோல் கேட்டுக்கொள்ளட்டும்.

கடமையில் கற்பாறை அவர்! கணக்கில் கறார்! பதினெட்டு இடுக்கி இருக்க வேண்டிய தட்டில் பதினேழு இருந்தால் அன்று எங்கள் பிரிவில் யாருக்கும் தேநீர் இறங்காது. அந்தப் பதினெட்டாவது இடுக்கி துவைக்கப் போன துணி மூட்டையிலிருந்து கிடைத்த பிறகு, அவரே எல்லோருக்கும் நுரை பொங்க ஆற்றிய தே தாரே வாங்கிக் கொடுப்பார். திட்டியதற்கு மன்னிப்புக் கேட்க மாட்டார். கூடவே வடையும் வரும். நாங்கள் புரிந்துகொள்ள வேண்டியதுதான்.

இத்தகைய அம்மையாரும் ஒருமுறை தவறினார். மடலில் தவறுகளைச் சொல்லும் வழக்கம் இல்லை என்பது எங்களுக்கும் தெரியும். ஆனால் அதைச் சொல்லாவிட்டால் இவரைப் பற்றி ஒன்றுமே சொன்னதாகாது.

சூட்டையும் ஈரத்தையும் தாங்கும் கருவிகளை நீராவியில் வைத்துவிடலாம். பிளாஸ்டிக் குழாய்களும் கேமரா பொருத்திய மெல்லிய குழல்களும் அதைத் தாங்கா. அவற்றுக்கு எத்திலீன் ஆக்சைடு என்றொரு வாயு. எங்கள் இயந்திரம் அதில்தான் பல ஆண்டுகள் ஓடியது. கிருமியை விட்டுவைக்காத அந்த வாயு மனிதரையும் விட்டுவைக்காது. நெடுநாள் சுவாசித்தால் புற்றுநோய் வரலாம். கருவுற்ற பெண்ணுக்குக் கரு கலையலாம். மூக்குக்கு அதன் வாசம் தெரிவதற்குள், அனுமதித்த அளவைப் பல நூறு மடங்கு தாண்டியிருக்கும். அதனால்தான் அறைக்கு வெளிக்காற்று வர மேலே ஒரு திறப்பும், உள்ளிருப்பதை வெளியே இழுக்க எதிர்ச்சுவரில் ஒரு விசிறியும் வைத்திருந்தார்கள்.

மழைக்காலத்தில் அந்தத் திறப்பு வழியே பனிமூட்டமே உள்ளே வந்து உட்காரும். விரல் விறைத்துப் போய் நாங்கள் முணுமுணுத்தோம். சிஸ்டர்தான் நாற்காலியில் ஏறி, பச்சை அறுவைத் துணி ஒன்றை நாலாக மடித்துத் திறப்பில் அடைத்து, பிளாஸ்திரி ஒட்டினார். அறை கதகதப்பானது. விசிறி சுழலும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்ததால் அது வேலை செய்கிறது என்றே எல்லோரும் நம்பினோம். தலைவலி வந்தது, கண் எரிந்தது. குளிர்தான் காரணமென்று தைலம் தடவிக்கொண்டோம். இப்படி மூன்று மழைக்காலம் போயிற்று.

ஐந்து ஆண்டுகளுக்கு முன் எங்கள் ஷஃபிகா, மூன்று மாதம் என்று சிஸ்டரிடம் மெல்லச் சொன்னார். அந்த நிமிடமே அவரைத் துணி அடுக்கும் பகுதிக்கு மாற்றிவிட்டு, காற்றை அளக்க ஏற்பாடு செய்தார் சிஸ்டர். அளக்க வேண்டுமென்பது விதி. எங்களிடம் அந்த விதி கோப்பில் பத்திரமாக இருந்தது! காலரில் மாட்டிய சிறு அளவிகள் ஆய்வகம் போய்த் திரும்பின. அனுமதித்த அளவைப் போல் ஆறு மடங்கு.

தாளைக் கையில் பிடித்தபடி அறைக்குள் போனவர் மேலே பார்த்தார். துணி அங்கேயே இருந்தது.

அப்போது அறையில் வேறு யாருமில்லை. துணியை உருவிக் குப்பையில் போட்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. தலைமைப் பதவிக்கு அவர் பெயர் மேலிடத்துக்குப் போயிருந்த நேரம் வேறு. சிஸ்டர் எங்கள் எல்லோரையும் கூப்பிட்டார், ஷஃபிகாவையும் சேர்த்து.

“இதை அடைச்சது நான்தான். எங்கப்பா தேயிலை பேக்டரியில காத்து விட்டு கொழுந்து வாட்டுற வேலை பார்த்தாரு. காத்து உள்ள வந்தாத்தான் வெளிய போகும்னு சின்ன வயசுலயே தெரியும் எனக்கு. தெரிஞ்சும் அடைச்சேன்.”

ஷஃபிகா வயிற்றில் கை வைத்துக்கொண்டார். “நீங்க சொல்லலன்னா எனக்குத் தெரிஞ்சிருக்காதே சிஸ்டர்,” என்றார். அது நன்றியா, குற்றச்சாட்டா என்று சிஸ்டர் இன்றுவரை கேட்டதில்லை.

அன்றே இயந்திரத்தை நிறுத்தினார். அறிக்கையில் தம் பெயரைத் தாமே எழுதிக் கையெழுத்திட்டார். தலைமைப் பதவி வேறொருவருக்குப் போயிற்று. அறுவை மருத்துவர் மகேஸ்வரன், குழல்கள் இல்லாமல் நோயாளியை எங்கே அனுப்புவதென்று கொதித்தார்.

“இந்த எத்திலீன் வாயு கெட்டதுன்னு நான் சொல்லல டாக்டர். இதால பொழச்சவங்க எத்தனையோ பேரு. நாமதான் அதை வெச்சுக்கிற மாதிரி வெச்சுக்கல,” என்றார் சிஸ்டர்.

திறப்பைச் சீராக்கி, எச்சரிக்கை மணி பொருத்தி, மறுபடி அளந்து, அளவு சரியாக இருந்த பிறகே இயந்திரம் ஓடியது. கருவிகளில் தங்கிய வாயு பன்னிரண்டு மணி நேரம் வெளியேறும்வரை அலமாரிச் சாவி அவர் பையை விட்டு அசையவில்லை. டாக்டரே வந்து நின்றாலும் கிடைக்கவில்லை. வாயுவுக்குப் போகும் கருவிகளை ஒவ்வொன்றாக எடுத்து, தயாரித்தவர்களின் குறிப்பைப் படித்தார். பாதிக்கு மேல் நீராவியே போதும்! பழக்கத்தால்தான் வாயுவில் போட்டுக்கொண்டிருந்தோம். மீதியில் பெரும்பகுதிக்கு ஹைட்ரஜன் பெராக்சைடு இயந்திரம் கேட்டு மூன்றாண்டு மனு எழுதி வாங்கினார். அதன் ஆவி போய்ச் சேராத நீளக் குழல்கள் சில, தகுந்த வசதியுள்ள ஈப்போ மையத்துக்கு வாரம் இருமுறை போய் வருகின்றன. பழைய வாயு இயந்திரம் சென்ற ஆண்டு லோரியில் ஏறி மலையிறங்கியது. வழியனுப்பிய கூட்டத்தில் முதலில் நின்றவர் டாக்டர் மகேஸ்வரன்தான்.

காற்றை அளந்த அந்த மழைக்காலத்துக்குப் பின் ஷஃபிகாவுக்கு மகன் பிறந்தான். ஹாசிக், நலமாக, நல்ல குரலோடு. குழந்தையைப் பார்த்துவிட்டு வெளியே வந்து சிஸ்டர் தேம்பித் தேம்பி அழுதார். எல்லாம் நல்ல நேரம் என்று ஒருவர் ஆறுதல் சொல்ல, கண்ணைத் துடைத்தபடியே அதட்டினார்: “நல்ல நேரத்த நம்பி மெஷின் ஓட்ட முடியாதுலா!”

சிஸ்டர், இனி உங்களிடமே பேசுகிறோம், எழுந்து போகாதீர்கள். நிர்வாகம் தந்த நற்சான்றிதழில் ‘மாசற்ற பணி’ என்று இருந்ததையும், அந்தச் சொல்லை எடுக்கச் சொல்லி நீங்கள் திருப்பி அனுப்பியதையும் அறிவோம். இங்கே நாங்கள் அதை எழுதவில்லை. தவறியதும் நீங்கள், சொன்னதும் நீங்கள், திருத்தியதும் நீங்கள் என்று எழுதிக் கண்ணாடிச் சட்டம் போட்டுத் தருகிறோம். நெடுநாள் நோயின்றி, நெஞ்சு நிறையக் காற்று வாங்கி, கியா பார்ம் சந்தையில் ஸ்ட்ராபெர்ரிக்குப் பேரம் பேசி நீடூழி வாழ்க!

இம்மடலில் முதல் கையெழுத்து ஷஃபிகாவுடையது. அவருக்கு இப்போது மீண்டும் ஐந்தாம் மாதம். இம்முறை அவரை யாரும் வேறு பகுதிக்கு மாற்றவில்லை. அதே அறையில்தான் வேலை பார்க்கிறார்.

என்றும் அன்புடன்,
ஷஃபிகா, வாணி, யோகேஸ், மற்றும்
கிருமிநீக்கப் பிரிவு ஊழியர்கள்,
சாரல் அறநிலைய மருத்துவமனை, ரிங்லெட்