குழாய்க்கு முந்தைய ஊசி

எனக்கு லேசில் கோபம் வராது, ஐயா. பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தாலும் துணி எடுத்துத் துடைப்பேனே தவிர, கத்த மாட்டேன். "உனக்குச் சூடு சொரணையே கிடையாதா?" என்று வீட்டுக்காரர் கேலி செய்வார்.

நான் மயக்க மருத்துவர். தொண்டைக்குள் மூச்சுக்குழாய் செலுத்தும்போது ஆள் மயக்கத்தில் இருந்தாலும் உடம்பு சும்மா இருக்காது. இதயம் படபடக்கும், ரத்த அழுத்தம் எகிறும். அதை அடக்க முன்கூட்டியே ஃபென்டனில் ஊசி போட வேண்டும். போட்டால் மட்டும் போதாது. அது வேலை செய்யும்வரை சில நிமிடம் காத்திருக்கவும் வேண்டும். அந்தச் சில நிமிடத்தைத்தான் அறுவை செய்யும் பெரிய டாக்டர் எனக்கு ஒருநாளும் தந்ததில்லை.

"என்ன தூக்கக்காரம்மா, தாலாட்டு முடிஞ்சுதா?" என்பார். கத்தி எடுத்துக் கொடுக்கும் நர்ஸ் முதல் தரை துடைப்பவர் வரை எல்லோரும் சிரிப்பார்கள். பத்து வருடம் நானும் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தேன். அழுத்தம் ஏறியபோதெல்லாம் அடித்துப்பிடித்து நான்தான் இறக்கினேன். ஒன்றும் ஆகாததால் நியாயம் அவர் பக்கம் என்று ஆயிற்று. வயிறு எரிந்தது. இன்றைக்கும் எரிகிறது. ஒருமுறையாவது ஏதாவது ஆனால்தான் இந்த மனிதருக்கு உறைக்கும் என்று முடிவு செய்துவிட்டேன்.

அந்தத் தையல்காரப் பெண்ணுக்கு மூளையில் ஒரு ரத்தக்குழாய் பலூன் மாதிரி வீங்கியிருந்தது. அழுத்தம் எகிறினால் வெடித்துவிடும். அதற்கு முன்னால் அதை அடைக்கத்தான் அறுவை சிகிச்சை. மேசையில் படுத்தபடி என் கையைப் பிடித்தாள்.

"மேடம், பொண்ணோட சட்டை பாதியில நிக்குது. எப்ப மெஷின்ல உக்காரலாம்?"

"சீக்கிரமே உக்காரலாம்மா," என்றேன். நல்ல பெண். அவள்மேல் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது.

தூங்க வைத்தேன். தசையைத் தளர்த்தும் மருந்தும் கொடுத்தேன். ஃபென்டனிலைத் தட்டிலேயே விட்டுவிட்டுக் குழாயைச் செலுத்தினேன். திரையில் எண்கள் ஏறுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இறக்குகிற மருந்து கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது, எடுக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் அவளுடைய ஒரு கண்ணின் பாவை அகலமாக விரிந்தது. உள்ளே வெடித்துவிட்டது என்று அர்த்தம்.

கேட்டவர்களிடமெல்லாம் பெரிய டாக்டர் அவசரப்படுத்தினார் என்றேன். அவளுடைய கணவர் அதை நம்பி அவர் சட்டையைப் பிடித்து உலுக்கினார். பார்க்க மனசுக்கு ஆறுதலாக இருந்தது.

ஆனால் விசாரணையில் நர்ஸ் உங்களிடம் உண்மையைச் சொல்லியிருப்பாள். அன்றைக்கு அவர் அவசரப்படுத்தவில்லை. கதவருகே நின்று, "மேடம், இது கத்தி மேல நடக்கற மாதிரி. நீங்க நிதானமா பண்ணுங்க, நான் காத்திருக்கேன்," என்றார். கிண்டலே இல்லாமல், மரியாதையாகத்தான் சொன்னார்.

பத்து வருடம் இல்லாத மரியாதை. அவர் சொல்லி நான் காத்திருக்க வேண்டுமா?