பாத்தாச்சு

வாசல் சரிவு நன்றாக வந்திருக்கிறது என்று உள்ளே நுழையும்போதே சொன்னீர்கள். சந்தோஷம், சார். சிமெண்ட் வேலை எனக்குப் பழக்கமில்லை. முதல் தடவை மேடு பள்ளமாகிவிட்டது, கொத்தி எடுத்துவிட்டுத் திரும்பப் பூசினேன். இப்போது தம்பியின் சக்கர நாற்காலி குலுங்காமல் ஏறுகிறது.

உட்காருங்கள். அவன் உள்ளறையில் தூங்குகிறான். மதிய மாத்திரை போட்டால் நாலு மணிவரை அசைய மாட்டான். அதற்குள் சொல்லிவிடுகிறேன்.

கியர்பாக்ஸுக்குள் உடைந்த டிரம்மின் துண்டைக் காட்டி, இதன் ஓரத்தில் சிவப்புச் சாயம் எப்படி வந்தது என்று கேட்டீர்கள். இதுவரை விசாரிக்க வந்தவர்களில் நீங்கள் ஒருவர்தான் சரியான இடத்தில் கை வைத்தீர்கள்.

நானும் தம்பியும் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் மட்டும் பார்க்கிறவர்கள். என்னைவிடப் பதினாலு வயது சின்னவன். அம்மா போனபோது அவனுக்கு ஐந்து வயது. தலை வாரிவிட்டதும் நகம் வெட்டிவிட்டதும் நான்தான். எனக்கென்று ஒரு குடும்பம் வேண்டும் என்று தோன்றியதே இல்லை. அவன் இருந்தான், போதும்.

பட்டறையில் எங்களுக்குள் ஒரு வழக்கம். கியர் பெட்டியைப் பிரித்துக் கழுவி, ஒவ்வொரு பாகமாகச் சோதிப்பது என் வேலை. திரும்பப் பூட்டுவது அவன் வேலை. பாகம் கை மாறும்போது அவன் "பாத்தாச்சா?" என்பான். நான் "பாத்தாச்சு" என்பேன். அந்தச் சொல்லுக்குப் பிறகு அவன் திருப்பிப் பார்க்க மாட்டான்.

அவனுடைய காரை நீங்கள் முழுசாகப் பார்த்திருக்க வேண்டும். இரண்டு கதவு, பழைய வண்டி. ஆறு வருஷம் அதுவே கதியென்று கிடந்து எஞ்சினின் பலத்தை இரண்டு மடங்காக்கினான். அதைத் தாங்க ஒரு கியர்பாக்ஸ் வேண்டும். பழைய இரும்புக் கடையில் ஒன்று கிடைத்தது. உள்ளே தேய்ந்த கிளட்ச் தட்டுகளை எடுத்துவிட்டு உரமானவற்றைப் போட்டோம். எண்ணெய் ஆறுவதற்குப் பெரிய கூலர் வைத்தோம். கியர் வழுக்காமல் சட்டென்று விழும்படி வால்வுகளை மாற்றினோம். அந்த மூன்று வாரமும் அவன் வாய் ஓயவில்லை. நானும் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன்.

அதற்கு நடுவில் ஒரு நாள் சாப்பிடும்போது சொன்னான். "வெளியூர்ல ஒரு பெரிய பட்டறைக்காரர் கூப்பிடறாருண்ணா. வண்டியைக் கொண்டுவந்து ஓட்டிக் காட்டு, பிடிச்சா இங்கேயே இருந்துடுன்னாரு. போகட்டுமா?"

"தாராளமா போடா" என்றேன்.

தட்டைக் கழுவப் போன இடத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது. குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். அவனுக்குக் கேட்டிருக்காது.

மறுநாள் டிரம்மைச் சோதித்தேன். பெட்டிக்குள் அசுர வேகத்தில் சுற்றுகிற பாகம் அது. சிவப்புச் சாயத்தைத் தெளித்துத் துடைத்துவிட்டு, மேலே வெள்ளைப் பொடி அடிப்போம். விரிசல் இருந்தால் உள்ளே புகுந்த சாயம் கசிந்து காட்டிக்கொடுத்துவிடும். இரண்டு விரல் நீளத்துக்கு ஒரு சிவப்புக் கோடு தெரிந்தது. புது டிரம் பின்னாலேயே அட்டைப்பெட்டியில் இருந்தது. அதை எடுக்கக் கை போகவில்லை. பழையதையே துடைத்து நீட்டினேன்.

"டிரம் பாத்தாச்சாண்ணா?"

"பாத்தாச்சு."

அது பொய் இல்லை, சார். பார்த்தேன்.

வழியில் பெட்டி உடையும், வண்டி நின்றுபோகும், அவமானப்பட்டு பஸ் ஏறி வீட்டுக்கு வந்துவிடுவான். நான் நினைத்தது அவ்வளவுதான். அப்படியானால் இரும்புக் கவசத்தை ஏன் கழற்றினாய் என்று கேட்பீர்கள். டிரம் வெடித்தால் துண்டுகள் தரையைக் கிழித்துக்கொண்டு ஓட்டுகிறவன் மேல் பாயாமல் தடுக்க, பெட்டியைச் சுற்றி மாட்டுவது அது. அவனே ஆசையாக வாங்கி மாட்டியிருந்தான். "புகைக்குழாயில உரசுதுடா. போயிட்டு வா, அப்புறம் மாட்டிக்கலாம்" என்றேன். சரிண்ணா என்றான். நான் சொன்னால் அவனுக்கு மறுபேச்சே கிடையாது.

ஆளில்லாத நேர்ச்சாலையில் ஒரே ஒரு தடவை முழுசாக மிதித்திருக்கிறான். டிரம் வெடித்ததில் ஒரு கால் முட்டிக்கு மேலோடு போய்விட்டது. இன்னொன்று பேருக்கு இருக்கிறது.

ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். "பூட்டினது நான்தானே. எங்கேயோ தப்பு பண்ணிட்டேன். உன் பேரையும் கெடுத்துட்டேண்ணா."

"விடுடா. நான் பாத்துக்கறேன்" என்றேன்.

பார்த்துக்கொள்கிறேன். குளிப்பாட்டுகிறேன், தலை வாரிவிடுகிறேன், வெள்ளிக்கிழமை நகம் வெட்டிவிடுகிறேன். ஆள் இளைத்துப்போய்விட்டான், தூக்கச் சிரமமே இல்லை. சில நாள் சாப்பிடாமல் சுவரைப் பார்த்துக்கொண்டே கிடப்பான். அப்போது நானும் சாப்பிடாமல் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன். என்னைப்போல அவனுக்காகத் துடிக்கிறவர்கள் இந்த உலகத்தில் யார் இருக்கிறார்கள், சொல்லுங்கள்.

தெரிந்தேதான் கொடுத்தேன் என்று எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். அவனிடம் மட்டும் சொல்லாதீர்கள். தாங்க மாட்டான்.

இன்னொன்றும் எழுதிக்கொள்ளுங்கள், நீங்கள் கேட்கவில்லை என்றாலும். அந்த வாசல் சரிவு விபத்துக்குப் பிறகு போட்டது அல்ல. அவன் வண்டியை எடுப்பதற்கு எட்டு நாள் முன்னால் போட்டது. நான் பூசிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் நின்று சிரித்தான்.

"நம்ம வீட்டுல இது யாருக்குண்ணா?"

"இருக்கட்டும்டா" என்றேன். "உதவும்."