மூன்றாவது படத்துக்கு ஒரு நட்சத்திரம்

கிறிஸ்துமஸ் முடிந்த கையோடு மரத்தைக் குப்பையில் வீசுகிறவர்களை எனக்குப் பிடிக்காது. நல்லவேளையாக எங்கள் ஊரில் அந்தப் பழக்கம் இல்லை. ஜனவரியில் ஏரி உறைந்து கெட்டியானதும் அவரவர் வீட்டு மரத்தை இழுத்துப்போய்ப் பனிக்கட்டியில் துளை போட்டு நட்டுவிடுவோம். வரிசையாக நிற்கும் அந்த மரங்கள்தான் ஏரிமேல் வண்டி ஓட்டுகிறவர்களுக்குப் பாதை. அவற்றை ஒட்டியே போனால் அடியில் பனி தடிமனாக இருக்கும். உறைந்த ஏரிமேல் நாங்கள் இழுத்துவைத்திருக்கும் மீன்பிடிக் குடிசைக்குப் பத்திரமாகப் போய்ச் சேரலாம். விலகினால் ஓடை வந்து கலக்கும் இடம். அங்கே பனி மெல்லியது. நீங்கள் வேறு மாவட்டத்திலிருந்து வந்தவர் என்பதால் சொல்கிறேன், லிண்ட்குவிஸ்ட் அம்மா. உங்களுக்கு முன்பிருந்த உதவி ஷெரிஃபுக்கு இதெல்லாம் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

மரங்களை இடம் மாற்றியது யார் என்று கேட்டீர்கள். அதற்குத்தான் வருகிறேன். முதலில் ஒரு கார்ட்டூனைப் பற்றிப் பேச வேண்டும்.

'பால்வெளிப் பால்காரர்கள்' என்று ஒரு தொடர் வந்ததே, நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். விண்கலத்தில் கிரகம் கிரகமாகப் போய்ப் பால் ஊற்றுகிற ஒரு கூட்டம். நட்சத்திரங்களைக் கண்டால் நடுங்கும் கேப்டன். பொய் சொன்னால் துருப்பிடிக்கும் டப் என்கிற ரோபோ. இந்த ஊரில் நாங்கள் சில கிழங்கள் அதற்கு அடிமை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் சர்ச்சின் அடித்தளத்தில் உருளைக்கிழங்குப் பதார்த்தத்தைத் தட்டில் போட்டுக்கொண்டு பார்ப்போம். எங்கள் பாஸ்டர் சோரம் அதை வானவியல் வகுப்பு என்று நம்பித்தான் சாவி கொடுத்தார்.

இரண்டாம் வருடத்தோடு தொலைக்காட்சிக்காரர்கள் தொடரை நிறுத்திவிட்டார்கள். பிறகு அதிலிருந்து கிளைத்து மூன்று முழுநீளப் படங்கள் குறுவட்டில் வந்தன. சண்டை அங்கேதான் ஆரம்பித்தது. அரை மணி நேரச் சிரிப்பை ஒன்றரை மணி நேரத்துக்கு இழுக்கலாமா என்பதுதான் கேள்வி. முதல் படத்தை எல்லோரும் கொண்டாடினார்கள். இரண்டாவதைப் பார்த்துவிட்டு, எங்கள் கூட்டத்து எல்சி பின்னல் ஊசியைக் கீழே வைக்காமலேயே தீர்ப்புச் சொன்னாள்.

"நாலு எபிசோடக் கோந்து போட்டு ஒட்டியிருக்கானுங்க. ஒட்டுப் போட்ட எடம் பல்லிளிக்குது."

மூன்றாவது படத்தை எழுதியது என் மகள் இங்கா.

அவள் கலிஃபோர்னியா போய், அந்த ஸ்டூடியோவில் பல வருடம் மற்றவர்களுக்குக் காப்பி வாங்கிக் கொடுத்து, கடைசியில் கிடைத்த வாய்ப்பு அது. படத்தின் கடைசி அரை மணி நேரத்தில் வசனமே கிடையாது. செத்துப்போன ஒரு வாடிக்கைக்காரியின் கதவுக்கு எதிரே, பால் பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு டப் உட்கார்ந்திருக்கிறது. பனி பெய்கிறது, உருகுகிறது, மறுபடி பெய்கிறது. நிஜ ஆள் ஒருவரைப் பார்த்து எழுதினேன் என்று இங்கா ஒரு பேட்டியில் சொல்லியிருந்தாள். யாராக இருக்கும் என்று நானும் மண்டையை உடைத்துக்கொண்டேன், பிடிபடவில்லை. அவள் அம்மா இறந்துபோன குளிர்காலம் முழுக்க நான் சமையலறை நாற்காலியை வாசற்கதவுப் பக்கம் திருப்பிப்போட்டு அங்கேயே உட்கார்ந்திருந்தேன். அதனால் ஊரில் யார் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்பது எனக்குத் தெரியாது.

எங்கள் அடித்தளத்தில் மரியாதைக்குக் கைதட்டினார்கள். இணையத்தில், ரசிகர்கள் நட்சத்திரம் போடும் தளத்தில், மரியாதை கிடையாது. ஒன்று, ஒன்றரை, ஒன்று என்று விழுந்துகொண்டே இருந்தது. நாலாவது படம் வருமா என்பதே அந்த நட்சத்திரங்களைப் பொறுத்தது என்று பேச்சு. இங்கா தொலைபேசியில் சிரித்துத்தான் பேசினாள். அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும். பனி விரிசல் விடுவதற்கு முன்னால் ஏரி அப்படி ஒரு சத்தம் போடும்.

ஆகவே நான் எழுத உட்கார்ந்தேன். நெப்ராஸ்காவில் ஒரு செவிலி ஆனேன், ஐடஹோவில் லாரி ஓட்டினேன். மெயினில் இரட்டைச் சகோதரிகளாக இருந்து, எந்தக் காட்சி அதிக அழகு என்று எனக்குள்ளேயே சண்டை போட்டுக்கொண்டேன். எல்லோருமே ஐந்து நட்சத்திரம் கொடுத்தோம். எனக்கு இது வராத கலை இல்லை. ஒரு குளிர்காலத்தில் என் நிழல் பனியில் ஒட்டிக்கொண்டுவிட்டது, ஏப்ரல் வரை நிழல் இல்லாமல்தான் நடமாடினேன் என்று இந்த மாவட்டம் பாதியை நம்பவைத்தவன் நான்.

கோர்டி ஹாகன்தான் கெடுத்தான். வாலிப வயதிலிருந்து என்னோடு ஒரே குடிசையில் மீன் பிடித்தவன். அவன் தன் சொந்தப் பெயரில், எழுத்துப் பிழையோடு, இரண்டரை நட்சத்திரம் போட்டிருந்தான். 'கடைசி அரை மணி நேரம் எனக்குப் புரியவில்லை, ஆனால் அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை' என்று எழுதியிருந்தான். தூண்டிலை ஆட்டிக்கொண்டே ஒரு நாள் சொன்னான்:

"ஏய் ஆர்விட், அந்த அஞ்சு நட்சத்திரக்காரனுங்களப் பாத்தியா? ஒருத்தனுக்குக்கூட ஒரு குறை தெரியலியாம். எல்லாத்தையும் அவ அப்பனே எழுதுன மாதிரி இருக்கு."

விளையாட்டுக்குத்தான் சொன்னான். ஆனால் நியாயமான பேச்சு. எல்லோரும் புகழ்ந்தால் எவன் நம்புவான்? நம்பும்படி இருக்க வேண்டுமானால் திட்டுகிறவன் ஒருவன் வேண்டும். அதனால் விஸ்கான்சினில் ஓய்வுபெற்ற மாட்டுப்பண்ணைக்காரன் ஒருவனை உண்டாக்கினேன். அவனுக்குப் 'புளிச்சபால்' என்று பெயர் வைத்து, ஒரே ஒரு நட்சத்திரம் போட வைத்தேன். மற்றவர்களை எழுத வாரக்கணக்கில் கஷ்டப்பட்டேன். இவன் ஒரே மூச்சில் வந்தான். எழுதும்போது சிரித்தேன் என்பதையும் மறைக்கவில்லை. அவன் எழுதியதில் ஒரு வரி: 'பால் திரிவதைக்கூட நான் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன், அதில் இதைவிடக் கதை இருந்தது.'

செவிலியையும் லாரிக்காரனையும் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. புளிச்சபால் நாடு முழுக்கப் போனான். அந்த வரியைச் சட்டையில் அச்சடித்து விற்றார்கள். ஸ்டூடியோவில் ஒரு கூட்டத்தில் அதை உரக்கப் படித்தார்களாம், எல்லோரும் சிரித்தார்களாம். இங்கா அந்த மேசையில்தான் இருந்தாள். நாலாவது படம் இல்லை என்று அங்கேயே முடிவானது.

பெட்டியோடு வந்துவிட்டாள். போன இலையுதிர்காலத்திலிருந்து மாடி அறையில், திரையை இழுத்துவிட்டுக் கிடக்கிறாள். கீழே இறங்குவதில்லை. காலையில் கதவுக்கு வெளியே ரொட்டியும் சூப்பும் வைப்பேன். சில நாள் தட்டு காலியாக வரும், பல நாள் அப்படியே இருக்கும். என் பெண்ணின் கைமுட்டி எலும்பு எனக்குத் தெரியத் தொடங்கிய பிறகு நான் கணக்குப் பார்ப்பதை விட்டுவிட்டேன். காலி தட்டு என்றால் அன்று அவள் உயிரோடு இருக்கச் சம்மதித்திருக்கிறாள். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

மார்ச்சில் ஒரு மத்தியானம் கோர்டி குடிசையில் உட்கார்ந்து, தூண்டிலையே போடாமல் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"பாஸ்டர் சோரம் பிரசங்கத்தப் பத்தி நீ ஒண்ணு சொல்லுவியே, ஆர்விட். பால் திரியறத உக்காந்து பாத்திருக்கேன், அதுல இதவிடக் கதை இருந்துச்சுன்னு. முப்பது வருசமா சொல்றியே."

நான் தூண்டில் போடும் துளையில் படிந்த பனியைக் கரண்டியால் அள்ளினேன்.

"அட மடப் பயலே, நீயாடா அது?"

"நல்லதுக்குத்தான் செஞ்சேன்."

"ஒலகமே தன்னப் பாத்துச் சிரிக்குதுன்னு அந்தப் பொண்ணு மாடியில செத்துக்கிட்டிருக்கா. சிரிச்சது அவ அப்பன் ஒருத்தன்தான்னு தெரிஞ்சா, கோவத்துலயாவது எந்திரிச்சு வருவா. வந்து உன்ன ரெண்டு அறை அறையட்டும். நீ சொல்லிடு. ஞாயித்துக்கெழமைக்குள்ள சொல்லலேன்னா நான் வந்து சொல்றேன்."

கோர்டி கெட்டவன் இல்லை. அதை எழுதிக்கொள்ளுங்கள். அவன் யோசிக்காதது ஒன்றே ஒன்றுதான். அவள் சாப்பிடுகிற கொஞ்சமும் என் கையிலிருந்து போகிறது. இது தெரிந்தால் அதைத் தொடுவாளா? நான் அவன் காலில் விழாத குறையாகக் கேட்டேன். ஈஸ்டர் வரைக்கும் பொறு என்றேன். அவள் கொஞ்சம் தேறட்டும் என்றேன். அவன் தலையாட்டிவிட்டு ஞாயிற்றுக்கிழமை என்றான்.

மார்ச் நடுவில் குடிசைகளை ஏரியிலிருந்து அகற்றிவிட வேண்டும் என்பது சட்டம். தன் குடிசையை இழுத்து வர கோர்டி சனிக்கிழமை மத்தியானம் லாரியோடு போவான் என்று தெரியும். நான் காலையில் போய் மரங்களைப் பிடுங்கினேன். ஓடைப் பக்கமாக வளைத்து, இடைவெளி பார்த்து நட்டேன். பழைய துளைகளில் தண்ணீர் ஊற்றினேன், அவை மூடிக்கொண்டன. நட்டதில் ஒன்று கோர்டி வீட்டு மரம். அவன் மனைவி கட்டிய சிவப்பு ரிப்பன் இன்னும் அதில் இருந்தது. அவிழ்ந்திருந்ததைக் கட்டிவிட்டேன்.

பிறகு கரையில் உட்கார்ந்து காப்பி குடித்தேன். கோர்டி மரங்களை நம்பி வந்தான். இந்த ஊரில் எல்லோரும் நம்புவோம். லாரியின் முன்பக்கம் இறங்கியதும் அவன் ஹாரனை இரண்டு முறை அடித்தான். வழியில் என்னைப் பார்த்தால் எப்போதும் அப்படித்தான் அடிப்பான். நானும் பழக்கத்தில் கையை ஆட்டினேன். அவன் கதவைத் திறக்கப் பார்த்தான், தண்ணீர் விடவில்லை. அந்த இடத்தில் ஏரி அதிக நேரம் எடுத்துக்கொள்ளாது. காப்பி இன்னும் சூடாகத்தான் இருந்தது.

மரங்களைத் திரும்பப் பழைய இடத்துக்குக் கொண்டுபோக நேரமிருந்தது. முதுகு ஒத்துழைக்கவில்லை. அதனால்தான் நீங்கள் இங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள்.

கோர்டி மனைவி உங்களிடம் புளிச்சபால் என்ற பெயரைச் சொன்னதாகவும், அதை எழுதியது யார் என்று கண்டுபிடிக்க நகரத்திலிருந்து ஆள் வருவதாகவும் கேள்விப்பட்டேன். அதற்காகத்தான் நானாகவே வாயைத் திறந்தேன். கொலையை முழுசாக எடுத்துக்கொள்ளுங்கள். பத்திரிகையில் போடுங்கள், படத்தோடு போடுங்கள். புளிச்சபால் மட்டும் கோர்டிதான் என்று எழுதிவிடுங்கள். அவன் மறுக்கப்போவதில்லை. கொலைகாரனின் மகளாக இங்கா எப்படியாவது பிழைத்துக்கொள்வாள். மற்றதை அவளால் தாங்க முடியாது. இன்றைய தட்டை யாராவது வைக்க வேண்டும், மறந்துவிடாதீர்கள்.

அவளுக்கு எதுவும் தெரியாது, அது நிச்சயம். விமான நிலையத்திலிருந்து அழைத்து வந்த அன்று வழி முழுக்க ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: "அப்பா, பாஸ்டர் சோரம் இன்னும் பிரசங்கம் பண்றாரா?" ஆமாம் என்றேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள், அதற்குப் பிறகு என்னோடு பேசவேயில்லை. அத்தனை துக்கத்திலும் ஒரு கிழவரை நினைத்து விசாரிக்கிறாள் பாருங்கள். அப்படிப்பட்ட மனசு அவளுக்கு.