ஹாரனிலிருந்து கழற்றியது

வேனின் பானட்டுக்குள் கழுத்துவரை தலையை நுழைத்து, ஓடிக்கொண்டிருந்த இன்ஜினில் ஏசி கம்ப்ரசரின் முன்தட்டு சுற்றுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். மாமனார் உள்ளே உட்கார்ந்தபடி ஹாரனை அழுத்தினார். என் காதுக்கும் ஹாரனுக்கும் ஒரு சாண்தான். திடுக்கிட்டதில் மண்டை பானட்டில் இடித்தது. கை மயிரிழையில் சுழலும் இன்ஜின் பெல்ட்டிலிருந்து தப்பியது.

"தூங்கிட்டியோன்னு பாத்தேன், மாப்ளே," என்றார், சைகையால் என்னைக் கூப்பிட்டுக் கண்ணாடியை இறக்கவைத்து.

நான் கோபப்படவில்லை, மேடம். அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். கோபத்தில் செய்கிற வேலை எதுவும் உருப்படாது.

அது செவ்வாய்க்கிழமை. அவர் பெயர் வெர்லின் ஸ்டபிள்ஃபீல்ட் என்பது உங்களுக்குத் தெரியும். என் மனைவி நடீனின் அப்பா. பக்கவாதம் வந்து இடது கை, இடது கால் இரண்டும் போய் ஒன்பது வருடம் ஆகிறது. வாய் மட்டும் போகவில்லை. நாங்கள் இருக்கும் டிரெய்லர் வீடு அவருடையது, வேனும் அவருடையது. இரண்டையும் நாளைக்கு நாலு தடவை ஞாபகப்படுத்துவார்.

இந்த யூமா பாலைவனத்தில் ஜூலை மாதம் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மழைக்காற்றின் புழுக்கம் வந்துவிட்டால் கூரையில் இருக்கிற தண்ணீர் கூலர் வீட்டைக் குளிர்விக்காது, நனைக்கத்தான் செய்யும். அதனால் மத்தியானம் ஒரு மணிக்கு அவரைத் தூக்கி வேனின் டிரைவர் சீட்டில் வைக்க வேண்டும். இன்ஜினை ஓடவிட்டு, ஏசியைப் போட்டு, ரேடியோவில் பேஸ்பால் கேட்பார். போன் வைத்துக்கொள்ள மாட்டார். ஹாரன்தான் அவருடைய போன். ஒரு தடவை அடித்தால் ஐஸ் டீ. இரண்டு தடவை என்றால் இறக்கிவிட வேண்டும். மூன்று தடவை அடித்தால் காரணமே இல்லை, நான் ஓடிவருவதைப் பார்ப்பதற்காக.

ஒன்பது வருடத்தில் நானும் நடீனும் தொடங்கி முடித்த பேச்சு என்று ஒன்று கிடையாது, மேடம். பாதியில் ஹாரன் வந்துவிடும். அவள் எழுந்துபோய்விடுவாள். திரும்பி வரும்போது என்ன பேசினோம் என்பதே இருவருக்கும் மறந்திருக்கும்.

சரி, ஏசி. திங்கட்கிழமையே குளிர் நின்றுபோனது. எங்கள் குடியிருப்பில் ஏசி நின்றால் எல்லாரும் முதலில் செய்வது, கடையில் ஒரு கேஸ் டப்பா வாங்கி ஏற்றுவது. பாதிப்பேர் அதிலேயே கம்ப்ரசரைக் கொன்றுவிடுவார்கள். நான் அப்படி இல்லை. அழுத்தம் காட்டும் கேஜ் மாட்டிப் பார்த்தேன், கேஸ் சரியாக இருந்தது. ஃபியூஸ் நன்றாக இருந்தது. ஆனால் கரண்ட் வந்தால் காந்தம்போல ஒட்டிச் சுற்ற வேண்டிய முன்தட்டு ஒட்டவில்லை. கரண்ட் போகவில்லை என்று அர்த்தம். அப்படியானால் ரிலே.

ரிலே என்பது கரண்டைத் திறந்துவிடுகிற சின்னக் கறுப்புப் பெட்டி, கட்டைவிரல் அளவுதான். அந்த வேனில் ஏசிக்கும் ஹாரனுக்கும் ஒரே மாதிரி ரிலே, பக்கத்துப் பக்கத்தில். ஹாரனுடையதைக் கழற்றி ஏசியின் இடத்தில் செருகினேன். டக் என்று தட்டு ஒட்டியது. இரண்டு நிமிடத்தில் பனிக்காற்று. செத்த ரிலேயை ஹாரனின் இடத்தில் செருகிவைத்தேன். அங்கே காலி இடம் தெரியக் கூடாது இல்லையா.

எங்கள் பக்கத்தில் எல்லாரும் செய்கிற வேலைதான் இது. புது ரிலே வருகிறவரை ஹாரன் இல்லாமல் ஓட்டுவார்கள். ஜூலையில் ஹாரன் யாருக்கு வேண்டும், குளிர்தான் வேண்டும்.

"எப்படியோ ஒரு வேலய ஒழுங்கா செஞ்சிட்ட," என்றார் மாமனார். "குருடன் எறிஞ்ச கல்லு மாதிரி."

ஹாரன் வேலை செய்யாது என்று அவரிடம் சொல்லவில்லை. நடீனிடம் சொன்னேன். அவள் புதன்கிழமை வேலை முடிந்து வரும் வழியில் புது ரிலே வாங்கிவந்து என் கையில் கொடுத்தாள்.

"கோர்டி, இன்னைக்கே மாட்டிடுப்பா. அப்பாவுக்கு அது இல்லன்னா கை ஒடஞ்ச மாதிரி."

"மாட்டிடறேன்," என்றேன்.

என்னைச் சோதனை போட்டபோது என் சட்டைப் பையிலிருந்து நீங்கள் எடுத்தது அதுதான். உறை பிரிக்காமல் இருந்தது. நான் மறுக்கவில்லை.

இன்னொரு பழுதும் இருந்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை. ரேடியேட்டருக்கு முன்னால் ஏசிக்கென்று ஒரு காற்றாடி உண்டு. அது சுற்றவில்லை. வண்டி ஓடும்போது கவலையில்லை, எதிர்க்காற்றே அந்த வேலையைச் செய்துவிடும். நின்றுகொண்டே ஓடினால் அழுத்தம் ஏறி ஏறி, கம்ப்ரசர் தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளும். அப்புறம் வருவது அனல். ஏசியை இன்னும் சோதிக்க வேண்டும் என்று சொல்லி, புதன்கிழமை மத்தியானம் அவரை வேனில் ஏற்றாமல், இதில் எவ்வளவு நேரம் ஆகிறது என்று கடிகாரம் வைத்துப் பார்த்தேன். பதினெட்டு நிமிடம். இரண்டாவது தடவையும் பதினெட்டு. நல்ல மெக்கானிக் ஒரே ஒரு சோதனையை நம்ப மாட்டான்.

வியாழக்கிழமை ஒரு மணி. நிழலிலேயே நூற்றுப் பதினாலு டிகிரி. நடீன் வேலைக்குப் போயிருந்தாள். அவரைத் தூக்கி உட்காரவைத்தேன். பக்கவாட்டில் சாய்ந்துவிடாமல் இருக்க எப்போதும் சீட் பெல்ட் போட வேண்டும். குறுக்கே குனிந்து மாட்டினேன்.

"முத்தமா குடுக்கப்போற? தள்ளுடா, வியர்வ நாத்தம்," என்றார்.

டிரைவர் சீட் வண்டியின் இடது ஓரம் என்பதால், கதவும் கண்ணாடிப் பொத்தானும் அவருக்கு இடது பக்கம். அந்தக் கை செத்தது. வலது கை அங்கே எட்டாது, வயிறு அப்படி. அது எட்டுகிற இடம் ஸ்டியரிங் மட்டும்தான். கதவைச் சாத்தினேன். அறைந்து சாத்தவில்லை, மெதுவாகத்தான்.

உள்ளே வந்து சாண்ட்விச் செய்தேன். இறைச்சித் துண்டு இரண்டு, கடுகு சாஸ் கொஞ்சம். சாப்பிட்டேன். தட்டைக் கழுவினேன். இரண்டே முக்காலுக்கு அவசர எண்ணுக்கு நானே போன் செய்தேன். முகவரியைத் தெளிவாகச் சொன்னேன் என்று போனை எடுத்த பெண்ணே பாராட்டியது பதிவில் இருக்கும்.

ஹாரன் கேட்டதா என்று மூன்றாவது முறையாகக் கேட்கிறீர்கள். கேட்கவில்லை. சத்தியமாகக் கேட்கவில்லை. அவர் அழுத்தாமல் இல்லை, சத்தம்தான் வரவில்லை. முதலில் ஒரு தடவை அழுத்தினார். பிறகு இரண்டு. அப்புறம் கணக்கில்லாமல், உள்ளங்கையால், கடைசியில் நெற்றியால்.

எப்படித் தெரியும் என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி.

அந்த வேன் எப்போதும் தெருவைப் பார்த்துத்தான் நிற்கும் என்று எதிர்வீட்டுக்காரி சொல்லியிருப்பாள். புதன்கிழமை சாயங்காலம் நான்தான் அதைத் திருப்பி நிறுத்தினேன், மூக்கு எங்கள் சமையலறை ஜன்னலைப் பார்க்கும்படி. திரையைக் கழற்றினேன். ஜன்னலுக்கு நேராக ஒரு நாற்காலி போட்டேன். உட்கார்ந்து பார்த்தேன், சீட்டில் இருப்பவர் முகம் நன்றாகத் தெரியுமா என்று. நாற்காலியைக் கொஞ்சம் இடதுபக்கம் நகர்த்த வேண்டியிருந்தது.

மறுநாள் அங்கேதான் உட்கார்ந்து சாப்பிட்டேன். அவரும் என்னைப் பார்த்தார்.

முடியாத மனிதரைத் தன்னந்தனியாக வெயிலில் போட்டுவிட்டேன் என்று உங்கள் தாளில் எழுதியிருக்கிறீர்கள். அதை மட்டும் அடித்துவிடுங்கள், மேடம். கடைசிவரை, ஒரு நிமிடம்கூட, நான் அவரைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.