வண்டிப்பேட்டை உண்ணாவிரதம்

பானைத் தண்ணீர் வேண்டாம் ஐயா, தப்பாக நினைக்காதீர்கள். காய்ச்சி ஆறவைத்த தண்ணீர்தான் எனக்குப் பழக்கம். கம்பவுண்டர் வேலைக்கு வந்த நாளிலிருந்து அப்படி. தாகமும் இல்லை. வாக்குமூலத்தை நீங்கள் எழுதுவதற்குத் தோதாக மெதுவாகவே சொல்கிறேன்.

சூசைமாணிக்கத்தை எனக்குப் பல வருஷமாகத் தெரியும். ஆவூர்ப் பக்கத்திலிருந்து வந்து எங்கள் வண்டிப்பேட்டையில் குடியேறியவர். சொந்தமாக ஒரு ஜோடி மாடு, ஒரு வண்டி. கறம்பக்குடியிலிருந்து கடலை மூட்டை ஏற்றிவருவார். அதிகம் பேசமாட்டார். மாட்டை அடிக்கமாட்டார். அவர் மனைவி அடைக்கலமேரிக்குக் காய்ச்சல் கண்டபோது நான்தான் மருந்து கலந்து கொடுத்தேன். அன்றிலிருந்து அவருக்கு என் பேச்சில் ஒரு நம்பிக்கை.

சமஸ்தானம் போய்ச் சர்க்கார் வந்தால் ரோடு வரும் என்றார்கள். வந்தது. ஆனால் சர்க்கார் போடவில்லை, ஒரு கம்பெனி போட்டது. திருச்சி ரோட்டிலிருந்து டவுனைச் சுற்றி ஒரு அகலச் சாலை. போட்ட செலவைக் கம்பெனி சுங்கம் வைத்து எடுத்துக்கொள்ளும். பழைய பாதையில் வண்டிகள் போகக் கூடாது. அந்தச் சாலைக்காக எங்கள் தெருவில் ஒரு பக்கத்து வீடுகளை இடிக்க வேண்டும். என் வீடும் அதில் ஒன்று. ஆனால் அதற்காக நான் எதிர்க்கவில்லை. நான் ஒண்டி ஆள், எங்கேயும் படுத்துக்கொள்வேன்.

கிறிஸ்தவ வேதக்காரர்களும் முஸ்லிம்களும் மற்றவர்களும் ஒன்றாகக் கூடியது எங்கள் தெருவில் அதுதான் முதல் தடவை. கடலை வியாபாரி கலீல் ரஹ்மான் தலைவர், நான் காரியதரிசி. மனுக் கொடுத்தோம். ஊர்வலம் போனோம். அளவுக்கல்லைப் பிடுங்கிப் போட்டோம். மறுநாள் கம்பெனிக்காரன் வேறு கல் நட்டான். யாராவது உண்ணாவிரதம் இருந்தால்தான் மேலே காது கேட்கும் என்று கூட்டத்தில் சொன்னது நான்தான். பின்வரிசையிலிருந்து சூசைமாணிக்கம் எழுந்தார்.

"நான் இருக்கேங்க. எப்படியும் இது எங்க வேதத்துல நோன்பு இருக்கிற தவசு காலம்தானே" என்றார்.

கலீல் ரஹ்மானின் கடலைக் கிடங்கை ஒழித்து உள்ளே ஒரு கட்டில் போட்டோம். பார்த்துக்கொள்ளும் பொறுப்பு என்னுடையது. காலையிலும் மாலையிலும் நாடி பார்த்துவிட்டு வெளியே வந்து சொல்வேன். முதலில் தெருக்காரர்கள் மட்டும் நின்றார்கள். பிறகு கீரனூரிலிருந்தும் பொன்னமராவதியிலிருந்தும் வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். நான் கதவைத் திறந்தால் அத்தனை பேரும் பேச்சை நிறுத்துவார்கள். டாக்டர் அறையில் நான் இருபது வருஷம் நின்றிருக்கிறேன். அங்கே என்னை யாரும் ஏறிட்டுப் பார்த்ததில்லை. இது வழக்குக்குத் தேவையில்லை என்றால் அடித்துவிடுங்கள்.

ஒன்றை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும். அவர் குடித்த தண்ணீரில் நான் குளுக்கோஸ் கலந்து வந்தேன். அவருக்குத் தெரியாது, தெரிந்தால் குடித்திருக்கமாட்டார். சர்க்கார் டாக்டர் வந்து பார்த்து, நாடி நன்றாக ஓடுகிறதே என்று ஆச்சரியப்பட்டார். அவரைக் காப்பாற்ற வேண்டும் என்பதில் எனக்கு எவ்வளவு அக்கறை இருந்தது என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

அப்புறம் தாசில்தார் என்னைக் கூப்பிட்டனுப்பினார். கலெக்டர் இறங்கிவந்துவிட்டார், மாட்டு வண்டிகளுக்குச் சுங்கம் கிடையாது, வீடுகளையும் இடிக்கமாட்டார்கள், சாலையைச் சற்று வடக்கே தள்ளிப் போடுவார்கள் என்றார். "போய் அந்த மனுஷனுக்குக் கஞ்சி கொடுக்கச் சொல்லும்" என்றார். சொல்கிறேன் என்றுதான் வந்தேன்.

நடந்துவரும்போது யோசித்தேன். சாலை எப்படியும் வரப்போகிறது. சுங்கச்சாவடியும் வரப்போகிறது. இன்று வண்டிக்கு இல்லை என்பார்கள், நாளைக்கு உண்டு என்பார்கள். ஜனங்கள் அதற்குள் கலைந்து அவரவர் வேலையைப் பார்க்கப் போயிருப்பார்கள். அப்போது யாரைக் கொண்டு கூட்டுவது? நீங்களே நிதானமாக யோசித்துப் பாருங்கள், நான் நினைத்ததில் தவறு தெரியாது.

உள்ளே போனேன். அவர் கண்ணைத் திறந்தார்.

"தாசில்தாரு என்ன சொன்னாக?"

"ஒண்ணும் எறங்கி வரலை, மாணிக்கம்."

"அப்ப இருக்க வேண்டியதுதான்" என்று கண்ணை மூடிக்கொண்டார்.

அன்றிலிருந்து நான் குளுக்கோஸ் கலக்கவில்லை. விஷம் வைத்தேனா என்று காலையில் கேட்டீர்கள். வைக்கவில்லை. கொடுத்துவந்ததைக் கொடுக்காமல் இருந்தேன். சர்க்கார் டாக்டர் மறுபடி வந்தபோது, மூக்கில் குழாய் விட்டு விரதத்தைக் கெடுக்க வந்திருக்கிறார் என்று ஜனங்களிடம் சொன்னேன். அவர்களே அவரைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

அடைக்கலமேரி தினமும் ஒரு தூக்குவாளியில் கஞ்சி கொண்டுவந்து வாசலில் நிற்பாள். "கம்பவுண்டரய்யா, ஒரு மடக்கு குடுத்துப் பாக்கட்டுமா? மொகமே மாறிப்போச்சுங்க" என்பாள். அவர் கேட்டால் கூப்பிடுகிறேன் என்று சொல்லிவைத்திருந்தேன்.

ஒரு நாள் காலையில் அவர் கேட்டார். என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். பிடியில் வலுவே இல்லை.

"போதும்னு தோணுதுங்க. அவ வெளியதான் நிப்பா. கஞ்சியக் கொண்டாரச் சொல்லுங்க."

சரி என்று எழுந்து வெளியே வந்தேன். அத்தனை முகங்களும் என்னைப் பார்த்தன. அடைக்கலமேரி முன்வரிசையில் நின்றாள். "ரோட்டுத் திட்டத்தை ரத்துப் பண்ணும்வரைக்கும் கஞ்சி என்கிற பேச்சையே எடுக்காதீர்கள் என்கிறார் மாணிக்கம்" என்று சொன்னேன். கூட்டம் போட்ட சத்தத்தில் கிடங்குத் தகரம் அதிர்ந்தது. அவள் மட்டும் தூக்குவாளியை முந்தானையால் மூடிக்கொண்டு திரும்பிப் போனாள்.

நான் உள்ளே வந்ததும் அவர் கேட்டார்: "எதுக்குச் சத்தம் போடுறாக?"

"உனக்காகத்தான். நீ விடமாட்டேன்னு நம்பி நிக்கிறாக."

அவர் கண்ணோரத்தில் நீர் வழிந்தது. அவ்வளவு வற்றிய உடம்பில் அதற்கு எங்கே நீர் இருந்தது என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அதன்பிறகு அவர் கஞ்சி கேட்கவில்லை. கேட்டிருந்தால் கொடுத்திருப்பேனா என்று கேட்கிறீர்கள். கேட்கவில்லையே.

ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து ஜனங்கள் வந்துகொண்டிருந்த நேரத்தில் உயிர் போனது. கண்களை நான்தான் மூடினேன்.

சவ ஊர்வலம் போன வழியில் கம்பெனியின் கொட்டகைகள் ஒன்றும் தீக்கு மிஞ்சவில்லை. சேவுகன் என்று ஒரு காவல்காரன், கொட்டகைக்குள் தூங்கிக்கொண்டிருந்திருக்கிறான், அவனும் கருகிப்போனான். அந்த வாரமே எங்கள் ஊரில் வேலையை நிறுத்தினார்கள். நான் சொன்னது நடந்தது.

துக்கம் கேட்கப் போன தாசில்தார்தான், "எல்லாத்தையும் ஒத்துக்கிட்டோமேம்மா, அப்புறம் எதுக்கு இந்தப் பிடிவாதம்?" என்று கேட்டிருக்கிறார். அடைக்கலமேரி கலீல் ரஹ்மானை அழைத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். "வண்டிக்குச் சுங்கம் இல்லைன்னு சொன்னாகளாமே. அதுக்கு மேல எங்க வீட்டு அவுகளுக்கு ஒண்ணும் வேண்டியதில்லையே" என்றாள். கலீல் ரஹ்மான் என் முகத்தைப் பார்க்காமல், "ஸ்டேஷனுக்கு நடங்க, ஆத்மநாதன்" என்றார். நானே நடந்து வந்தேன். ஓடவில்லை என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

ஆமாம். தெரிந்தேதான் செய்தேன். அவர் பிழைத்திருப்பார், நான் பிழைக்க விடவில்லை. அவர் கேட்ட கஞ்சியை நான் மறைத்தேன். எங்கே கையெழுத்துப் போட வேண்டும்?

சாலையைக் கீரனூர்ப் பக்கமாகத் திருப்பியிருக்கிறார்களாம். அங்கேயும் ஜனங்கள் கொதித்துப்போய் இருக்கிறார்கள், ஒருவர் உண்ணாவிரதம் இருக்கவும் முன்வந்திருக்கிறார் என்று உங்கள் ஏட்டையா பேசிக்கொண்டிருந்தார். ஜாமீன் கிடைக்குமா ஐயா? அங்கே பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ள விவரம் தெரிந்த ஆள் யாரும் இல்லையாம்.