பச்சைப் பொத்தானும் சாம்பல் எழுத்தும்

எந்த வலைத்தளத்தைத் திறந்தாலும் முதலில் வந்து மறிக்கும் அந்தப் பெட்டியை நானும் படிப்பதில்லை. 'இந்தத் தளம் குக்கீகளைப் பயன்படுத்துகிறது' என்று ஆரம்பிக்குமே, அதுதான். எட்டு வருடமாக அந்தப் பெட்டியைச் செய்வதுதான் என் பிழைப்பு. ஆனாலும் வேறொருவர் செய்த பெட்டி வந்தால் பச்சைப் பொத்தானைத் தட்டிவிட்டு என் வேலையைப் பார்க்கப் போய்விடுவேன். எல்லாரும் அப்படித்தான். அதை நம்பித்தான் எங்கள் அலுவலகமே ஓடுகிறது.

மேடம், நேற்று நீங்கள் கேட்டபோது எனக்கு எதுவும் தெரியாது என்று சொல்லிவிட்டேன். இன்று நானே ஸ்டேஷனுக்கு வந்து காகிதம் கேட்டு வாங்கி எழுதுகிறேன். என் அக்கா தாடை எலும்பு உடைந்து மருத்துவமனையில் கிடக்கிறாள். அடித்தது மச்சான்தான், அதில் உங்களுக்குச் சந்தேகம் இல்லை. அவள் அந்த வீட்டை விட்டுப் போகப் போகிறாள் என்பது அவருக்கு எப்படித் தெரிந்தது என்றுதான் கேட்டீர்கள். அதைச் சொல்வதற்கு முன் என் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

குக்கீ என்பது பெரிய மாயம் ஒன்றும் இல்லை. நீங்கள் ஒரு தளத்துக்குள் போனதும் அது உங்கள் கணினியில் ஒரு சின்னச் சீட்டை வைக்கிறது. அடுத்த முறை போனால் சீட்டைப் பார்த்து உங்களை அடையாளம் கண்டுகொள்கிறது. கடவுச்சொல்லைத் திரும்பத் திரும்பக் கேட்காமல் இருக்க, மொழியை நினைவில் வைத்துக்கொள்ள என்று சில சீட்டுகள் தேவைதான். தொல்லை மற்ற வகையில். அந்தத் தளத்தோடு சேர்ந்து ஏதோ ஒரு விளம்பர நிறுவனமும் தன் சீட்டை வைத்துவிடும். அதற்குப் பிறகு நீங்கள் செய்தி பார்க்கப் போனாலும் பாட்டுக் கேட்கப் போனாலும் அது கூடவே வரும். நேற்று செருப்பு பார்த்திருந்தால் இன்று போகிற இடமெல்லாம் செருப்பு.

இதற்கு உங்கள் சம்மதம் வேண்டும். அதைக் கேட்பதுதான் நான் செய்யும் பெட்டி. கேட்கிற மாதிரி இருந்தால் போதும் என்பது எங்களுக்குள் பேசிக்கொள்வது. 'எல்லாவற்றையும் ஏற்கிறேன்' என்பதைப் பச்சை நிறத்தில், கட்டைவிரல் தானாகப் போய் விழும் இடத்தில் வைப்பேன். 'விருப்பங்களை மாற்ற' என்பது வெளிறிய சாம்பல் எழுத்தில் கீழே எங்கோ இருக்கும். அதையும் தேடிப் பிடித்துத் தட்டுகிறவர்களுக்கு இன்னொரு பக்கம் திறக்கும். அங்கே பதினோரு சுவிட்சுகள், ஒவ்வொன்றையும் தனித்தனியாக அணைக்க வேண்டும். நாலாவதிலேயே அலுத்துப்போய்த் திரும்பி வந்து பச்சையைத் தட்டுவார்கள். எங்கள் மேலாளருக்கு 'சதவீதம்' என்று பட்டப்பெயர். நூற்றுக்கு எத்தனை பேர் பச்சையைத் தட்டினார்கள் என்பதைத் தவிர அவர் வாயில் வேறு பேச்சே வராது. மனைவியின் பிரசவ வார்டு வாசலில் நின்றுகொண்டு போன் பண்ணி எண்ணைக் கேட்டவர். என் பெட்டிக்குத் தொண்ணூற்று நான்கு வந்தது. அந்த எண்ணை அங்கே வேறு யாரும் தொட்டதில்லை. இப்போது சொல்லவே கூசுகிறது, அன்றைக்கு எனக்குத் தலைகால் புரியவில்லை.

வீட்டில் அடி வாங்கும் பெண்களுக்கு உதவுகிற அமைப்பு ஒன்றும் எங்கள் வாடிக்கையாளர். அதை நடத்தும் அம்மா நேரிலேயே வந்தார். அதிகம் பேசவில்லை.

"எங்ககிட்ட வர்றவங்க வீட்ல எல்லாருக்கும் பொதுவா இருக்கிற கம்ப்யூட்டர்லதான் பாப்பாங்க. 'வேண்டாம்'ங்கிற பட்டனும் அதே அளவுல, பளிச்சுனு இருக்கட்டும் சார்," என்றார்.

அப்படியே செய்துகொடுத்தேன். அந்தத் தளத்தின் கணக்கு முப்பதுக்கு இறங்கிவிட்டது. இரண்டு மாதம் கழித்து எல்லா வாடிக்கையாளருக்கும் பச்சைப் பொத்தானும் சாம்பல் எழுத்தும் வைத்த புதிய பெட்டியை ஏற்றினோம். அவர்களுடையதை மட்டும் பழையபடி விட்டுவைக்க ஒரு கட்டத்தில் டிக் அடித்தால் போதும். நான் அடிக்கவில்லை. மறந்துபோய்விட்டது என்றுதான் இத்தனை நாளும் எனக்கு நானே சொல்லிவந்தேன். மறக்கவில்லை, மேடம். அந்த முப்பது என் சராசரியைக் கீழே இழுத்துக்கொண்டிருந்தது.

ஆறு வாரத்துக்கு முன்னால் ஒரு மதிய வேளையில் அக்கா போன் பண்ணினாள். குரலைத் தாழ்த்தித்தான் பேசினாள்.

"தம்பி, ஒரு சைட்டுக்குப் போனா சம்மதமான்னு கேக்குது. அமுக்கலாமா?"

எந்தத் தளம் என்று நான் கேட்கவில்லை. "அமுக்குக்கா. அது சும்மா," என்றேன்.

தான் பார்த்தது வேறு யாருக்கும் தெரியாமல் அழிக்க வழி உண்டா என்று அடுத்ததாகக் கேட்டாள். ஹிஸ்டரியை அழித்துவிடு, போதும் என்று சொன்னேன். போதாது என்று எனக்குத் தெரியும். அதே திரையில் குக்கீகளுக்கு என்று இன்னொரு கட்டம் இருக்கிறது, அதையும் தேர்ந்தெடுத்து அழிக்க வேண்டும். அமைப்புகளுக்குள் போய் மூன்றாம் தரப்புக் குக்கீகளை, அதாவது விளம்பர நிறுவனங்கள் வைக்கும் சீட்டுகளை, மொத்தமாகத் தடுத்துவிடலாம். எல்லாவற்றையும்விடச் சுலபம், தனிப்பட்ட சாளரம் ஒன்றைத் திறந்து அதில் பார்ப்பது. மூடியதும் சீட்டெல்லாம் தானாகப் போய்விடும். மூன்றையும் சொல்லி முடிக்க இரண்டு நிமிடம் ஆகியிருக்காது. ஆனால் அழிக்கும் வழியை யாரிடமும் வலியப் போய்ச் சொல்லாதே என்பதுதான் எங்கள் அலுவலகத்தில் முதல் நாளே கற்றுக்கொடுப்பது. வாய் அதற்கே பழகிவிட்டது. கூடப்பிறந்தவளிடமும் அந்த வாயால்தான் பேசினேன்.

அவள் படும் பாடு எனக்குத் தெரியாதா என்று கேட்பீர்கள். கொளுத்துகிற வெயிலிலும் முழுக்கை சட்டை போட்டுக்கொண்டு வருவாள். கதவு இடித்துவிட்டது என்பாள். கதவைப் பற்றி நானும் துருவிக் கேட்டதில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை மச்சான் என்னைச் சாப்பிட வரச்சொன்னார். பன்னிரண்டு வருடத்தில் அவராக அழைத்தது அதுதான் முதல் தடவை. டைல்ஸ் கடை வைத்திருப்பவர், கல்லும் சிமெண்டும் தூக்கினால்தான் வேலை என்று நினைக்கிறவர். நாலு பேர் இருக்கும் இடத்தில் என்னைக் காட்டி, "இவன் ஏதோ பட்டனுக்குப் பெயிண்ட் அடிக்கிறானாம்," என்று சொல்லிச் சிரிப்பார். அன்றைக்குச் சாப்பிட்டு முடித்ததும் கணினி முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"மாப்ள, நீங்கதான் இதுல கெட்டிக்காரர். இதெல்லாம் ஏன் வருதுன்னு கொஞ்சம் பாருங்க," என்றார்.

'நீங்க' என்று அவர் என்னை அழைத்ததும் அன்றுதான்.

அவர் பார்த்துக்கொண்டிருந்தது விளையாட்டு வீடியோ. அதன் ஓரத்தில் விளம்பரங்கள். வேறு ஊரிலுள்ள பெண்கள் விடுதி, தனி அறை காலி. அதற்குக் கீழே விவாகரத்து வழக்கறிஞர். அதற்கும் கீழே சக்கரம் வைத்த ஒரு சின்னப் பயணப் பெட்டி. ஒரு நொடியில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அக்கா மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். வியாழக்கிழமை கிளம்புவதாக இருந்தாள் என்பதைப் பிறகுதான் அறிந்தேன். 'ஏதோ வைரஸ் மச்சான், நான் சரி பண்ணிடறேன்' என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். நான் சொல்வதை அன்றைக்கு அவர் அப்படியே நம்பும் நிலையில் இருந்தார்.

நான் அவருக்குக் குக்கீ என்றால் என்ன என்று விளக்கினேன். இந்தக் கணினியில் யாராவது இதைப் போல எதையோ பார்த்திருந்தால்தான் இந்த விளம்பரமெல்லாம் வரும் என்றேன். ஹிஸ்டரியைத் திறந்து, யாரோ அழித்திருக்கிறார்கள் என்று காட்டினேன். ஆனால் சீட்டுகளை அழிக்கவில்லை பாருங்கள் என்று அமைப்புகளுக்குள் போய், எந்தெந்தத் தளம் சீட்டு வைத்திருக்கிறது என்ற பட்டியலைத் திறந்துவைத்தேன். அவர் தலையாட்டித் தலையாட்டிக் கேட்டார். தானே எழுந்துபோய் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்தார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. நான் பஸ் பிடித்து வீடு போய்ச் சேருவதற்குள் பக்கத்து வீட்டுக்காரர்கள் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டிருந்தார்கள்.

தாடையைக் கம்பி போட்டுக் கட்டியிருப்பதால் அக்காவால் பேச முடியவில்லை. நேற்று ஒரு நோட்டில் எழுதிக் காட்டினாள். 'நான்தான் கவனமில்லாம எதையோ தப்பா அமுக்கிட்டேன் போல.' நான் அதை இரண்டு தடவை படித்தேன். "விடுக்கா, எல்லாரும் பண்றதுதானே," என்றேன். அவள் என் கையைத் தட்டிக்கொடுத்தாள். அந்தக் கையோடுதான் நேராக உங்கள் முன்னால் வந்து உட்கார்ந்து எதுவும் தெரியாது என்றேன். வெட்கம் என்பது ஒரு சாதாரண வார்த்தை மேடம், வேறு வார்த்தை எனக்குக் கிடைக்கவில்லை.

பட்டியலைத் திறந்து வைத்தேன், படித்தது அவர்தான் என்று இதை முடித்துவிடலாம் என்றிருந்தேன். அப்படியே முடித்தால் இதுவும் என் பெட்டிகளில் ஒன்றாகிவிடும். அவரிடம் கண்ணாடி இல்லை, சின்ன எழுத்து தெரியவில்லை என்றார். ஒவ்வொரு பெயராக நான்தான் வாசித்தேன். ஒன்பதாவதாக அந்த அமைப்பின் பெயர் வந்தது. தாண்டிப் போயிருக்கலாம். வாசித்தேன். அது யார் என்று கேட்டார். புருஷன் வீட்டை விட்டு வெளியேறும் பெண்களுக்கு உதவுகிறவர்கள் என்றேன். அவர் முகம் மாறியது, பார்வை மாடிப்படிப் பக்கம் போனது. என்னை மறந்துவிட்டாரோ என்று எனக்குப் பட்டது. அதனால் திரையில் அந்தப் பெயரின் மேல் விரலை வைத்து, "இந்த சைட்ல வர்ற பட்டன் நான் பண்ணதுதான் மச்சான்," என்று சொன்னேன்.