லிஸ்ட்டுல இருக்கிறபடியே குடுங்க

இல்லம்மா, அது வேணாம். நல்ல சாமானாத்தான் இருக்கும், நான் இல்லேன்னு சொல்லல. ஆனா லிஸ்ட்டுல அது இல்லியே. இந்தப் பேப்பர்ல என்ன இருக்கோ அதையே குடுத்துடுங்க. எழுத்து புரியலேன்னா கேளுங்க, படிச்சுச் சொல்றேன். என் கையெழுத்துதான். கேம்ல என்கூட விளையாடுற தம்பி ஒருத்தன் ஒவ்வொண்ணா டைப் பண்ணப் பண்ண, நான் திரையைப் பாத்துப் பாத்து எழுதினேன். ஸ்பெல்லிங் அங்கங்க உதைக்கும், கண்டுக்காதீங்க.

ஆமா, கேம் விளையாடுற கம்ப்யூட்டர்தான். எனக்குத்தான். சிரிங்க, சிரிங்க, பரவால்ல. இதுக்கு முன்னாடி ஒரு கடைக்குப் போனேன், எடுத்ததுமே பேரனுக்கான்னு கேட்டான். ஏன், தலை நரைச்சவனுக்குப் பேரன் இருந்தே ஆகணுமா? அம்பத்தி மூணும்மா எனக்கு. லிஃப்ட் மெக்கானிக். உங்க கட்டடத்துல இருக்கே லிஃப்ட், அதுக்கும் ரெண்டு தடவை வந்திருக்கேன். மூணாவது மாடியில கதவு சாத்தறப்போ ஒரு இழுப்பு இழுக்கும், கவனிச்சிருக்கீங்களா? அது ரோலர் தேஞ்சு போச்சு. உங்க ஓனர்கிட்டச் சொல்லுங்க.

அறுபதாயிரம் கொண்டாந்திருக்கேன். அதுக்குமேல இந்தப் பக்கம் கவுத்தாலும் அந்தப் பக்கம் கவுத்தாலும் ஒண்ணும் விழாது. இந்த அறுபதுக்குள்ள அடங்குற மாதிரிதான் தம்பி கணக்குப் போட்டுக் குடுத்திருக்கான். ஒரு வாரம் மண்டையை உடைச்சிக்கிட்டான் பாவம். பிராசஸர் இதுதான், பெருசு வேணாம், நாம ஓட்டுற கேமுக்கு இதுவே ஜாஸ்திங்கிறான். ராம் பதினாறு வேணும், ஆனா ஒரே துண்டா வேணாம், எட்டு எட்டா ரெண்டு. ஏன்டா அப்படின்னேன். பீரோவை ஒரு ஆள் தூக்குறதுக்கும் ரெண்டு ஆள் தூக்குறதுக்கும் வித்தியாசம் இல்லியா அண்ணேன்னான். அழகாச் சொல்லுவான். எனக்கு மட்டும் அப்படிச் சொல்லிக் குடுக்கிற ஆள் சின்ன வயசுலயே கிடைச்சிருந்தா...

இந்தக் கண்ணாடி வச்ச பெட்டியா? உள்ள கலர் கலரா எரியுதே. இல்லம்மா. லைட்டுக்குக் காசு போட்டீங்கன்னா நான் உங்ககூடப் பேசமாட்டேன்னு சொல்லியிருக்கான். சாதாக் கறுப்புப் பெட்டி, முன்னாடி காத்து போறதுக்கு ஓட்டை இருந்தாப் போதும்.

பவர் சப்ளையா. அதுல மட்டும் கை வைக்காதீங்க. மூவாயிரம் மிச்சமாகும்னு நீங்க சொல்றது புரியுது. அந்த மூவாயிரத்தை வேற எதுல வேணாலும் பிடிச்சிக்கிறேன், மானிட்டரை ஒரு சைஸ் சின்னதாக் குடுங்க. கரண்ட் விஷயத்துல கஞ்சத்தனம் பண்றவன் காசையும் விட்டுருவான் பொருளையும் விட்டுருவான். இது நான் சொல்றதில்ல, அந்தத் தம்பி சொன்னது. அவங்கப்பா சொல்லுவாராம்.

கிராஃபிக்ஸ் கார்டு பழசே போதும்மா. புதுசு வாங்குனா பாதிக் காசை அதுவே முழுங்கிடும். வெளிய போர்டுல செகண்ட் ஹேண்ட் இருக்குன்னு போட்டிருக்கீங்களே. ஆனா ஒண்ணு, இங்கயே மாட்டிப் பத்து நிமிஷம் ஓட்டிக் காட்டணும். சூடு எவ்வளவு ஏறுது, காத்தாடி கரகரங்குதான்னு பாத்துட்டு வாங்கச் சொன்னான். சிரமம் குடுக்கிறேன். சரி, ஓடட்டும். இந்த ஸ்டூல்ல உக்காரலாமா?

வீட்டுல கம்ப்யூட்டர் இருந்துச்சும்மா. இல்லாம இல்ல. என் பையன் வச்சிருந்தான். வாங்கினதில்ல, சேத்தது. பள்ளிக்கூட லீவு விட்டா ஒரு குடோன்ல பெட்டி ஒட்டுற வேலைக்குப் போவான். அந்தக் காசுல ஒரு தடவை போர்டு, அடுத்த லீவுக்கு ராம், எவனோ தூக்கிப் போட்ட மானிட்டர் ஒண்ணு. ரெண்டு வருஷமாச்சு அது உசுரோட எந்திரிக்க. முதல் நாள் லைட் எரிஞ்சப்போ என்னைத்தான் கூப்பிட்டுக் காட்டினான். நான் என்ன சொன்னேன் தெரியுமா? ஒயரை ஒழுங்காக் கட்டுடான்னேன். அவ்வளவுதான் என் வாயில வந்துச்சு.

அப்போ அவன் பன்னண்டாவது. ஒரு நாள் மத்தியானம் வேலை சீக்கிரம் முடிஞ்சு வீட்டுக்குப் போறேன், என் வீட்டுக்காரி சமையல்கட்டுல கிடக்கா. தலை சுத்தி விழுந்து, மேடை முனையில நெத்தி அடிச்சு, ரத்தமா இருக்கு. அடுத்த ரூம்ல இவன் கதவுக்கு முதுகைக் காட்டிட்டு உக்காந்திருக்கான். காதுல ஹெட்செட்டு. பத்தடி தூரம் இருக்காது. ஊரு பூரா லிஃப்ட் மாட்டுறவன் வீடு, பாத்துக்குங்க, மூணாவது மாடி, லிஃப்ட் கிடையாது. நாற்காலியில உக்கார வச்சு நானும் அவனும் தூக்கிட்டு எறங்கினோம். அவன் ஒரு படிகூட ஆட்டல. ஏழு தையல். உசுருக்கு ஒண்ணுமில்லேன்னுட்டாங்க.

அதோட நான் நிறுத்தியிருக்கணும்.

துணிமணி எடுக்க ரெண்டு பேரும் திரும்ப வீட்டுக்கு வந்தோம். அந்தத் திரை எரிஞ்சிட்டே இருக்கு. கேம் பாட்டுக்கு ஓடிட்டிருக்கு, உள்ள ஒரு பொம்மை நின்ன இடத்துலயே மூச்சு விட்டுட்டு நிக்குது. எனக்கு என்னாச்சுன்னு தெரியல. ஒயரோட பிடுங்கித் தூக்கிட்டுப் போய்ப் படிக்கட்டு நடுவுல இருக்கிற சந்துல போட்டேன். மூணு மாடி. உங்கம்மா செத்திருந்தா இதுவாடா வந்து கொள்ளி போடும்னு கத்தினேன். பக்கத்து வீட்டுக் கதவெல்லாம் திறந்து பாக்குறாங்க. அவன் கீழ எறங்கிப் போய், பொறுக்கி, ஒரு போர்வையில மூட்டையாக் கட்டி எடுத்துட்டு வந்து கட்டிலுக்கு அடியில வச்சான்.

சாயங்காலம் ஆஸ்பத்திரியில இவ கேக்குறா, புள்ள எங்கன்னு. நான் நடந்ததைச் சொல்றேன், ஏதோ பெரிய நியாயம் பண்ணின மாதிரி. அவ என்னையே பாத்தா. நான் அவனைக் கூப்பிடவே இல்லியேங்குறா. கண்ணை இருட்டுச்சு, விழுந்துட்டேன், வாயில இருந்து சத்தமே வரலயே, அவனுக்கு எப்படிங்க தெரியும்ங்குறா.

போய்ச் சொல்லியிருக்கலாம்மா. தப்பு என்னுதுடா, ஒரு வார்த்தை. காலைல சொல்லிக்கலாம்னு விட்டேன். காலைல பாத்தா பரீட்சைக்குப் படிச்சிட்டிருக்கான், பரீட்சை முடியட்டும்னு விட்டேன். கடைசிப் பரீட்சை எழுதின அன்னைக்கே பையைத் தூக்கிட்டு அவன் மாமா வீட்டுக்குப் போயிட்டான், வேற ஊருக்கு. நாலு வருஷமாச்சு. இப்ப அங்கயே வேலை. ஞாயித்துக்கிழமை ஆனா அவங்கம்மாகூடப் போன்ல பேசுவான். நான் பக்கத்துல உக்காந்து சட்டைக்குப் பட்டன் தைச்சிட்டிருப்பேன். ஒரு சட்டைக்கு எத்தனை பட்டன்தான் தைக்கிறது, சொல்லுங்க. அவ ரெண்டு தடவை போனை நீட்டினா. அந்தப் பக்கம் கட்டாயிடுச்சு. அப்புறம் நீட்டுறதில்ல.

கார்டு சூடு எவ்வளவு காட்டுது? எழுபது. எம்பதுக்குள்ள இருந்தா நல்லதுதான்னான். இன்னும் கொஞ்சம் ஓடட்டும்மா.

இந்த விளையாட்டா? அது ஒரு அஞ்சு மாசமா. எங்க தெருமுனையில ஒரு கேம் சென்டர் இருக்கு, வேலை விட்டு வர்றப்போ ஒரு மணி நேரம் உக்காருவேன். சென்டர்காரன் முதல் நாள் என்னைப் பாத்து, லிஃப்ட் இல்ல சார் நம்ம கடையிலன்னான். கப்பல் கேம்மா. ஓட்டை ஒடசல் கப்பல் ஒண்ணு, ரெண்டு பேர் சேர்ந்து ஓட்டணும். ஒருத்தன் மேல நின்னு திருப்புவான், இன்னொருத்தன் கீழ எஞ்சினைப் பாத்துக்கணும். பெல்ட்டு அறும், வால்வு அடைக்கும், ஓட்டை விழுந்து தண்ணி உள்ள வரும். நான் கீழ. அதுல என்னை அடிச்சிக்க ஆளில்லம்மா, இத்தனை வருஷம் அதானே பொழப்பு. மேல நிக்கிறவன்தான் அந்தத் தம்பி. எனக்கு அவன் வச்ச பேரு கிரீஸ் அண்ணன். என் டைப்பிங்கைப் பாத்தா ஆமை லீவு போட்டுட்டுப் போயிடும்பான். சென்டர் கம்ப்யூட்டர் நடுவுல நடுவுல நின்னுடும். அதனாலயே ரெண்டு தடவை கப்பல் முழுகிப் போச்சு. அண்ணே, உங்களை வச்சிக்கிட்டுக் கரை சேர முடியாது, சொந்தமா ஒண்ணு வாங்குங்க, காசு எவ்வளவு இருக்குன்னு சொல்லுங்க, மிச்சத்தை நான் பாத்துக்கிறேன்னான். அப்படி வந்ததுதான் இந்த லிஸ்ட்டு.

பழக்கம் அவ்வளவுதான். முகம் பாத்ததில்ல, குரல் கேட்டதில்ல, எல்லாம் டைப்பிங்தான். ஆனா ஒருத்தனைத் தெரிஞ்சிக்க அது போதும்மா. பவர் சப்ளை எழுதுறப்போ அவங்கப்பா பேச்சு வந்துச்சுன்னேன்ல? அப்பா என்ன பண்றார்னு கேட்டேன். இல்ல அண்ணே, செத்துட்டார்னு போட்டான். எப்போப்பான்னேன். நான் பன்னண்டாவது படிக்கிறப்போ, திடீர்னுன்னான். நல்லவரான்னு கேட்டுட்டேன். எதுக்குக் கேட்டேன்னு இன்னைக்கும் தெரியல. கப்பல் மட்டும் நேராப் போயிட்டிருக்கு. அப்புறம் பதில் வந்துச்சு. நல்லவர்தான் அண்ணே, பேசத் தெரியாது, அவ்வளவுதான்னு.

ஒண்ணுமில்லம்மா. காத்தாடிக் காத்து கண்ணுல அடிக்குது.

சரி, கார்டு தேவலாம், இதையே போட்டுடுங்க. மாட்டுறதும் நீங்களே மாட்டிக் குடுத்துடுங்க. நானே மாட்டிக்குவேன், கை பழகின வேலைதான். ஆனா அந்தத் தம்பி, மாட்டுறப்போ வீடியோ கால் போடுங்க, ஒவ்வொண்ணாச் சொல்றேன்னு பிடிவாதம் பிடிக்கிறான். கடையிலயே மாட்டிட்டேன்னு சொல்லிக்கிறேன். ஹெட்செட்டா? வேணாம்மா. காசுக்காக இல்ல. மைக் வச்சது வாங்குங்க, பேசிக்கிட்டே ஓட்டலாம்னு அவனும் ஒரு மாசமாச் சொல்றான். பட்ஜெட்ல இடமில்லடான்னு சொல்லிச் சமாளிச்சேன். அதுதான் தப்பாப் போச்சு. என்கிட்டப் பழசு ஒண்ணு சும்மாத்தான் கிடக்கு, பார்சல் அனுப்புறேன், அட்ரஸ் குடுங்கன்னுட்டான். நாலு நாளா விடமாட்டேங்குறான்.

அதான், உங்ககிட்ட ஒரு உதவி கேக்கணும். உங்க கடை அட்ரஸைக் குடுத்துக்கட்டுமா? ஒரே ஒரு பார்சல். கிரீஸ் அண்ணன்னு பேர் போட்டு வரும், வாங்கி வச்சீங்கன்னா நான் வந்து எடுத்துக்குவேன்.

வீட்டு அட்ரஸ் குடுக்க முடியாதும்மா. அது அவனுக்குத் தெரியும். அவன் பொறந்து வளந்த வீடு.

ஆமா.

ஆமாம்மா, அவன்தான். இல்ல, அவனுக்குத் தெரியாது. அவங்கம்மாவுக்கும் தெரியாது. கட்டிலுக்கு அடியில இருக்கே அந்த மூட்டை, அதை ஒரு நாள் பிரிச்சுப் பாத்தேன். சரி பண்ண முடியுமான்னுதான் பாத்தேன், எங்க, எல்லாம் தூள். பெட்டி மூடியில ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தான், கேம்ல அவன் வச்சிக்கிற பேரு. அதை ஒரு சீட்டுல எழுதிட்டுப் போய் சென்டர்காரன்கிட்ட, இந்தப் பேர்ல ஆள் எங்கயாவது விளையாடுறானான்னு கேட்டேன். ரெண்டு தட்டுத் தட்டினான், இதோ இருக்கானே சார், கப்பலுக்கு ஆள் தேடிட்டிருக்கான், சேர்றீங்களான்னான்.

சொல்லிடலாமேன்னு நீங்க கேக்குறது சரிதாம்மா. போன வாரம் சொல்லத்தான் பாத்தேன். கப்பல் அமைதியாப் போயிட்டிருந்துச்சு, எஞ்சினும் தொந்தரவு பண்ணல. நான் உங்கப்பாடான்னு டைப் பண்ணினேன். அழிச்சிட்டேன். திரும்ப டைப் பண்ணினேன், தப்பு என்னுதுடான்னு அதையும் சேத்து. அதையும் அழிச்சேன். நாம எழுதிட்டிருக்கிறது அந்தப் பக்கம் தெரியுமாமே, மூணு புள்ளி ஆடிட்டே இருக்குமாமே, எனக்கு அதெல்லாம் எங்க தெரியும்? அண்ணே, அஞ்சு நிமிஷமா என்ன எழுதுறீங்க, கீழ தண்ணி ஏறுது, முதல்ல அதைப் பாருங்கன்னு போட்டான்.

சரிப்பான்னு போட்டுட்டு எஞ்சினைப் பாக்கப் போயிட்டேன்.